கல்லறைச் சுவருக்கு வெளியே

ஓவன்ரூ ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஸ்வான் பார்க் வீடுகளுக்குள் புகுந்தது சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியலில். அந்தத் தெருவில் எல்லாரும் தப்பித்து மாடிக்கு ஏறிவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து கம்பூன்றி நடந்துகொண்டிருந்த கோல்மன் கெராட்டியால் மட்டும் ஏற முடியவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனியாக இருந்தவர். தீயணைப்புக்காரர்கள் படகில் வந்து ஜன்னலை உடைத்தபோது, அவர் தன் சமையலறையிலேயே மிதந்துகொண்டிருந்தார்.

இன்று அவருக்கு அடக்கம்.

அயர்லாந்தின் டிரம்கோலா என்ற அந்தச் சிற்றூரில் ஒரு சாவு விழுந்தால் தேவாலய வாசலில் முதல் ஆளாக நிற்பவர் கவுன்சிலர் கார்மக் டெவானி. பால் கூட்டுறவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது முதல் தடவை தேர்தலில் நின்றார். அன்று தொடங்கி ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை. எந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை, எந்த விதவைக்கு இலவச மருத்துவ அட்டை வந்து சேரவில்லை, யார் வீட்டுச் சாக்கடை யார் வாசலுக்கு வருகிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஓட்டுக்காகத்தான் சாவுக்கு வருகிறார் என்று கேலி பேசியவர்களின் அப்பாக்களுக்கும் அவர்தான் பெட்டிக்குத் தோள் கொடுத்திருக்கிறார்.

இந்தச் சாவு சம்பந்தி வீட்டுச் சாவு. கோல்மனின் ஒரே மகள் சோர்கா கார்மக்கின் மருமகள்.

கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது மகன் டோனல் உள்ளே வந்தான். எலெக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவன். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

“அப்பா, கோட்டைக் கழட்டிடுங்க.”

“ஏண்டா? நேரமாச்சே.”

“சோர்கா சொல்லி அனுப்பினா. நீங்க கோயிலுக்கு வர வேண்டாமாம்.”

கார்மக் டையிலிருந்து கையை எடுக்கவில்லை. பிண அறை வாசலில் அவரைக் கண்டதும் சோர்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது அவருக்கு மறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள், ஆறிவிடும் என்றுதான் அன்று நினைத்தார்.

“பூசைக்குக் கூடவா?”

“பூசைக்கும் வேண்டாம், கல்லறைக்கும் வேண்டாம். ‘உங்கப்பா வந்தா நான் பெட்டிய விட்டுட்டு வெளிய போயிடுவேன்’னா. அவ செய்வாப்பா. உங்களுக்கே தெரியும்.”

சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்த மனைவி நுவாலா அப்படியே நின்றாள். “நானு?” என்று கேட்டாள்.

“நீங்க வரலாம்மா. உங்க மேல அவளுக்கு எந்தக் கோபமும் இல்ல. ‘நுவாலா என்ன பண்ணாங்க பாவம்’னுதான் சொன்னா.”

நுவாலா துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

“நான் என்னடா பண்ணேன்?” என்றார் கார்மக். குரல் உயர்ந்துவிட்டது. “மழைய நான் கூப்பிட்டேனா?”

“அதை என்கிட்ட கேக்காதீங்க. ஸ்வான் பார்க்ல சேறு வாரிட்டு இருக்காங்களே, அவங்ககிட்ட போய்க் கேளுங்க.” டோனல் கதவுவரை போய்த் திரும்பினான். “பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். நான் ஒரு ஆளு. நீங்க தூக்குவீங்கன்னு கோல்மன் நெனச்சிருப்பார். உங்களுக்கு அவர் தேர்தல் வேலை பார்த்தாரே, ஞாபகம் இருக்கா? பஸ் ஓட்டிட்டு வந்து, யூனிஃபார்மோட நோட்டீஸ் குடுத்தாரு.”

ஞாபகம் இருந்தது. கார்மக் டையிலிருந்து கையை எடுத்தார்.

ஸ்வான் பார்க் முன்பு வெறும் வயல். ஆற்றோரப் பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அன்னங்கள் வந்து இறங்கும். அங்கே மாடு மேய்த்து வந்தவன் நுவாலாவின் தம்பி உல்டன். அந்த இடத்தில் வீடு கட்டலாம் என்ற தீர்மானம் மாவட்ட மன்றத்துக்கு வந்தது. ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. கார்மக் ஆதரித்துக் கை தூக்கினார். மச்சினன் நிலமாயிற்றே என்று ஊரில் முணுமுணுத்தார்கள். மனைவிக்கோ தனக்கோ அதில் பங்கு இருந்தால்தான் கவுன்சிலர் எழுந்து வெளியே போக வேண்டும், மச்சினனுக்கு அந்த விதி இல்லை என்று மன்றச் செயலர் விளக்கினார். பேச்சு அடங்கியது. வயல் விற்றது. வீடுகள் எழுந்தன. அன்னங்களின் பெயரையே தெருவுக்கு வைத்தார்கள்.

நுவாலா தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு டோனலுடன் கிளம்பிப் போனாள். கார்மக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

போன் அடித்தது. கட்சித் தலைமையகத்திலிருந்து ஃபியக்ரா என்ற பையன். டப்ளினை விட்டு வெளியே காலெடுத்து வைத்திருப்பானா என்பதே சந்தேகம்.

“கவுன்சிலர், ஆழ்ந்த அனுதாபங்கள். ஒரு சின்ன விஷயம். வியாழக்கிழமை கோயில் பங்குக் கூடத்துல அந்தத் தெருக்காரங்க கூட்டம் போடறாங்களாமே? ரேடியோக்காரங்களும் வர்றாங்களாம். நீங்க போக வேண்டாம்.”

“என் வட்டாரத்துல நடக்கிற கூட்டத்துக்கு நான் போகாம?”

“வக்கீல்ங்க பார்த்துட்டு இருக்காங்க. யாராவது கேட்டா, வருத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மன்னிப்புங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக் கூடாது.”

“ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?”

“கோர்ட்ல நிறைய இருக்கு, கவுன்சிலர்.”

கார்மக் போனை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தேவாலய மணி கேட்டது. ஒரு சாவு மணி அடிக்கும்போது அவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. குடையைக்கூட எடுக்காமல் எழுந்து நடந்தார்.

அவர் தேவாலயத்துக்குப் போகவில்லை. ஊருக்கு மேலே மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். உள்ளேயும் போகவில்லை. சாலையோரம், இடுப்பளவுச் சுவருக்கு வெளியே நின்றார்.

பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஆறு பேர் வந்தார்கள். முன்னால் டோனல். அவனுக்கு இணையான உயரத்தில் ஆள் கிடைக்காததால் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த இடம் தன்னுடையது என்று கார்மக்குக்குத் தெரியும். அப்பனும் மகனும் ஒரே உயரம்.

பின்னால் சோர்கா. யாருடைய கையையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்து வந்தாள்.

மண் போட்டார்கள். ஜெபமாலை சொன்னார்கள். கூட்டம் கலைந்து சுவர் வாசல் வழியாக வெளியே வந்தது. கார்மக் பழக்கத்தில் கையை நீட்டினார்.

முதலில் வந்தவன் டியர்மட் ஹைன்ஸ். மன்றம் ஏழைகளுக்குத் தரும் வீடு கிடைக்காமல் மனைவி, குழந்தைகளோடு கேரவனில் கிடந்தவன். கார்மக் ஏறி இறங்கிய படிகள்தான் அவனுக்கு வீடு வாங்கிக் கொடுத்தன. அவன் கார் சாவியைத் தேடுகிறவன்போல் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு கடந்து போனான்.

அடுத்தவர் குனிந்து ஷூ முடிச்சைப் பார்த்தார். அதற்கடுத்த இருவர் ஒருவரோடொருவர் அவசரமாகப் பேசத் தொடங்கினார்கள். நீட்டிய கை நனைந்துகொண்டிருந்தது. அவர் அதை மெல்லக் கீழே இறக்கினார்.

ஒருத்தி மட்டும் நின்றாள். பெக் ஷாக்னெஸி. கோல்மனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

“என் அடுப்பங்கரையில முழங்கால் ஒசரத்துக்குச் சேறு, கவுன்சிலர்.”

“நான் வந்து பார்க்கறேன் பெக்.”

“ஏன், போட்டோ எடுக்கவா? தெரு தொறந்தப்போ ரிப்பன் வெட்டினீங்களே, அந்தப் போட்டோ என்கிட்ட இருந்துச்சு. அதுவும் அடிச்சிட்டுப் போயிடுச்சு.” அவள் குரல் உடைந்தது. “ராத்திரி சுவத்துல தட்டினாரு கார்மக். அந்தக் கம்பால தட்டிட்டே இருந்தாரு. என்னால எறங்க முடியல. மாடியில நின்னு ‘வர்றாங்க, வர்றாங்க’ன்னு கத்திட்டே இருந்தேன். அப்புறம் தட்டறது நின்னுடுச்சு.”

அவள் போய்விட்டாள். கார்மக் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சோர்கா நின்றிருந்தாள். தூரத்தில் டோனல் தயங்கி நின்றான். அவன் கிட்டே வர வேண்டாம் என்று அவள் கையைக் காட்டிவிட்டிருந்தாள்.

“வர வேண்டாம்னு சொன்னேன்.”

“உள்ள வரலம்மா.”

“எப்பவும் இப்படித்தான் பேசுவீங்க. விதிய மீறாம, ஆனா நெனச்சதைச் செஞ்சு முடிச்சிடுவீங்க.” அவள் சுவரில் இரு கைகளையும் ஊன்றினாள். விரல் நகங்களில் மண் இருந்தது. “ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்வீங்களா?”

“கேளு.”

“அந்த எடம் முழுகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

இத்தனை காலமும் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். ‘விசாரிக்கிறேன்’. ‘அதிகாரிகளிடம் பேசியிருக்கிறேன்’. ‘அந்தக் காலச் சூழ்நிலை வேறு’. மூன்றும் நாக்கு நுனிக்கு வந்தன. அவள் நகத்து மண்ணைப் பார்த்தார்.

“சொன்னாங்க.”

“யாரு?”

“ஆத்துப் பொறியாளர். தீர்மானம் வந்த அன்னிக்கு மன்றத்துல எழுந்து நின்னு சொன்னாரு. ‘இது வயல் இல்ல, ஆறு தூங்கற எடம். என்னிக்காவது எழுந்துக்கும். அன்னிக்கு அங்க படுத்திருக்கிறவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்’னாரு.”

“நீங்க எல்லாம் என்ன சொன்னீங்க?”

“யாரோ ஒருத்தர், ‘அப்போ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படகு சேர்த்துக் குடுத்துடலாம்’னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“நீங்களும் சிரிச்சீங்களா?”

மழைநீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. “சிரிச்சேன்.”

சோர்கா அசையவில்லை. அவள் அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்கப்பா அந்த வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டாரா?”

“கேட்டாரு. சந்தைத் தெருவுல நிறுத்திக் கேட்டாரு. ‘தண்ணி வருமா கார்மக்?’னு. ‘வராது, தைரியமா வாங்குங்க’ன்னேன். அதுக்குள்ள நானே அதை நம்ப ஆரம்பிச்சிருந்தேன், சோர்கா. பொய்யின்னு தோணல எனக்கு.”

“உங்க வார்த்தைய நம்பித்தான் அவர் வாங்கினாரு. நான் வேண்டாம்னேன். ‘கார்மக் சொல்லிட்டாருடி’ன்னு என் வாயை அடைச்சாரு.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “வியாழக்கிழமை பங்குக் கூடத்துக்கு வாங்க. இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. படகு, சிரிப்பு, எல்லாத்தையும்.”

“சொன்னா...”

“சொன்னா உங்க பதவி போகும். தெரியும். மன்றத்து மேல கேஸ் நிக்கும். அதுவும் தெரியும். சொல்வீங்களா மாட்டீங்களா?”

“சொல்றேன்.”

அவள் அவரை நம்பலாமா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். “சொல்லிட்டு அப்புறம் எங்கப்பா கல்லறைக்கு வாங்க. அதுவரைக்கும் இந்தச் சுவரத் தாண்டாதீங்க.”

திரும்பி நடந்தாள். வந்திருந்தவர்களுக்கு அவள் வீட்டில்தான் சாண்ட்விச்சும் தேநீரும். இரண்டு தெரு தள்ளி, மேட்டில் இருந்த அந்த வீட்டுக்குக் கூட்டம் மெல்ல நகர்ந்தது.

கார்மக் வீட்டுக்கு வந்தபோது வாசலில் உல்டனின் சேறு படிந்த ஜீப் நின்றது.

சமையலறையில் உல்டன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே நுவாலா. பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். தேநீர்க் கோப்பைகள் தொடப்படாமல் ஆறிக்கிடந்தன.

“சுவத்துகிட்ட நின்னு மருமக கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியாமே?” என்றான் உல்டன். “ஊரே பார்த்திருக்கு.”

“வியாழக்கிழமை ஊரே கேக்கவும் போகுது.” கார்மக் நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். “பொறியாளர் சொன்னதைச் சொல்லப்போறேன். உன்னை இழுக்க மாட்டேன். நீ நிலத்த வித்தே, அவ்வளவுதான். கை தூக்கினது நான்.”

“நீ நினைக்கிற மாதிரி இல்ல அது.”

“வேற என்ன?”

உல்டன் அக்காவைப் பார்த்தான். நுவாலா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிடு அக்கா. நீ சொல்றதுதான் முறை.”

“என்ன சொல்லணும்?” கார்மக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நுவாலா?”

அவள் தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது.

“அந்த வயல்ல பாதி என்னோடது, கார்மக்.”

“பத்திரம் உல்டன் பேர்லதானே இருந்துச்சு?”

“பேர் அவனோடது. எங்கப்பா சாகும்போது எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு ஆளுக்குப் பாதின்னாரு. அவர் சொன்னபடி வித்ததும் உல்டன் என் பங்கைக் குடுத்துட்டான்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

இதற்கு உல்டன் பதில் சொன்னான். “தெரிஞ்சிருந்தா நீ அன்னிக்கு எழுந்து வெளிய போயிருக்கணும். பொண்டாட்டி நிலம்னா கவுன்சிலர் ஓட்டுப் போட முடியாது. ஒரே ஓட்டுல ஜெயிச்சோம், மறந்துட்டியா? அன்னிக்கு என் பண்ணைய பாங்க்காரன் ஏலத்துக்குக் கொண்டு வந்திருந்தான். நான்தான் அக்காவ வாயைத் திறக்காதேன்னு கெஞ்சினேன்.”

கார்மக் உட்கார்ந்தார். தேர்தல் மேடைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. என் கை சுத்தம் என்பார். உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். கூட்டத்தில் கைதட்டியவர்களில் நுவாலாவும் இருந்தாள், முன்வரிசையில்.

“இப்ப நீ வியாழக்கிழமை வாயைத் திறந்தா,” என்றான் உல்டன், “வக்கீல்ங்க நூல் பிடிச்சு எங்கிட்ட வருவாங்க. நான் கோர்ட்ல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயசாயிடுச்சு. அப்புறம் உனக்குத் தெரியாதுன்னு நீ சொன்னா எவன் நம்புவான்? ஒரே கட்டில்ல படுக்கற புருஷன் பொண்டாட்டி. ஜெயிலுக்கே போவே.”

“அந்தப் பணம் எங்க போச்சு?” கார்மக் கேட்டது நுவாலாவை.

அவள் மடியிலிருந்த கறுப்புத் துணியை மடித்தாள்.

“டோனலுக்குக் கல்யாணம் ஆனப்போ வீடு கட்டக் குடுத்தேனே. எங்கம்மா விட்டுட்டுப் போனதுன்னு சொன்னேன். நீயும் கேக்கல.”

மேட்டு வீடு. வெள்ளம் எட்டாத வீடு. இந்த நேரத்தில் சோர்கா அங்கேதான் நின்று, தன் அப்பாவுக்காக வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

கார்மக் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மன்றத்தில் அன்று எழுந்த சிரிப்புச் சத்தம் அவர் காதுக்குள் கேட்டது. அதில் தன் சிரிப்பு எது என்று அவரால் பிரித்தெடுக்க முடிந்தது.

“இன்னிக்குக் காலையில டோனல் சொன்னான்,” நுவாலா சொன்னாள். “‘நுவாலா என்ன பண்ணாங்க பாவம்’னு அவ சொன்னாளாம். கோயில்ல என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா கார்மக். என் தோள்ல சாஞ்சு அழுதா. நான் முதுகைத் தடவிக் குடுத்தேன்.”

அவள் எழுந்தாள். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்தாள்.

“எங்க போறே?” என்றார் கார்மக்.

“அவ வீட்டுக்கு. அது எந்தப் பணத்துல கட்டினதுன்னு சொல்ல.”

“அங்க ஊரே உட்கார்ந்திருக்கு.”

“இருக்கட்டும்.”

உல்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பெரிய உடம்பு. இரண்டே எட்டில் வாசல் கதவுக்குப் போய், அதில் முதுகைச் சாய்த்து நின்றான்.

“அக்கா, உட்காரு. இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு இது வேண்டாம். யாருக்கும் வேண்டாம். நாளைக்குப் பேசிக்கலாம்.”

கார்மக் மனைவியைப் பார்த்தார். அவளைத் தடுக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஓட்டுப் போடும் நாளில் வாசலில் நின்று ஆட்களை வளைக்கும் அந்தப் பழைய கார்மக்குக்கு அதற்கான சொற்கள்கூடக் கிடைத்துவிட்டன. அவர் அவற்றை விழுங்கினார். நாற்காலியிலிருந்து தன் ஈரக் கோட்டை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“வழிய விடு, உல்டன்,” என்றாள் நுவாலா.

உல்டன் நகரவில்லை.